திண்ணையில் எடுத்த சாட்சியம்

ஆனி பிறந்து, மேற்கே திரிகூட மலையின் தலையில் மேகம் முண்டாசு கட்டத் தொடங்கியதும், தென்காசியில் வந்து இறங்கும் ஜனங்களின் முகத்திலேயே ஒரு மாறுதலைக் காணலாம். வருஷம் முழுவதும் காரியாலயத்திலும் கடையிலும் குனிந்து கிடந்த முதுகுகள் நிமிர்ந்துகொள்கின்றன. தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு புட்டி நல்லெண்ணெய், வாயில் "சாரல் எப்படி இருக்கிறது?" என்ற ஒரே கேள்வி. பேரருவியில் கூட்டம் நெருக்கினால் ஐந்தருவி. அங்கும் தலை நுழைக்க இடமில்லையென்றால் பழைய குற்றாலம், புலியருவி என்று ஆடி கழியும் வரையில் இந்த யாத்திரை நடந்துகொண்டேயிருக்கும்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் சந்தோஷத்துக்காகவே வருகிறார்கள். ஆனால் வியாதியையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இல்லாமலில்லை. திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடிய மலை இது; கிழக்கிந்தியக் கம்பெனியார் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்த மலை; மூலிகை மலை என்று நெடுங்காலமாகப் பெயர் எடுத்த மலை. அந்த மூலிகைகளையெல்லாம் தழுவிக்கொண்டு இறங்கும் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தால் வாதம், பித்தம், இருமல், மனக்கலக்கம் எல்லாம் போய்விடும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. "போன வருஷம் குளித்தேன், இடுப்பு வலி அன்றோடு சரி" என்று சத்தியம் செய்கிறவர்களை நாம் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம்.

இந்தச் சத்தியங்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது நமக்கு வெகு நாளையச் சந்தேகம். தென்காசியில் குடும்ப வைத்தியம் செய்துவரும் நண்பர் ஒருவரிடம் அதைக் கேட்டோம். அவர் பெயரைப் போடக்கூடாது என்பது நிபந்தனை. "பெயரைப் போட்டால், நாளைக்கு வருகிறவர்கள் மருந்துக்குப் பதிலாக உபந்நியாசம் கேட்பார்கள்" என்றார். ஒரே தெருவில் பாட்டிக்கும் மகளுக்கும் பேத்திக்கும் நாடி பிடித்துப் பார்த்திருக்கும் மனிதர் அவர். எந்த வீட்டில் எத்தனை ஜன்னல், எந்த வீட்டில் இராச் சாப்பாடு உண்டு, எந்த வீட்டில் அது சந்தேகம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வைத்திய சஞ்சிகைகளையும் விடாமல் படிக்கிறவர். இந்த இரண்டும் ஒரே ஆசாமியிடம் சேர்ந்திருப்பது அபூர்வம். ஆகையால்தான் அவருடைய அபிப்பிராயங்களை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அருவியில் குளித்தால் வியாதி தீருமா என்றதற்கு அவர் ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

"குளித்துவிட்டு வருகிறவனுக்குப் பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது, மனசு லேசாகிறது. இதற்கு நானே சாட்சி. அதற்கு மேல் கேட்டால், நான் திருப்பிச் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கும். குற்றாலம் வரையில் பிரயாணம் செய்து, வழுக்குப் பாறையில் ஏறி நின்று, அருவியின் அடி தாங்கக்கூடியவன் எப்பேர்ப்பட்ட நோயாளி? படுத்த படுக்கையாய்க் கிடப்பவன் அங்கே வருவதேயில்லையே! ஜலதோஷம் ஒரு வாரத்தில் தானே போகிறது. இடுப்பு வலி பலருக்குச் சில வாரங்களில் தானே குறைகிறது. நடுவில் அருவியில் குளித்தவன் புகழை அருவிக்குக் கொடுக்கிறான். குணமானவன் ஊரெல்லாம் சொல்கிறான். குணமாகாதவன் செலவான பணத்தை நினைத்து வாயை மூடிக்கொள்கிறான்."

நாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"அருவிக்கு மட்டுமா இந்தக் கணக்கு? நான் எழுதிக்கொடுக்கும் மருந்துக்கும் இதேதான், ஸார். ஊசி போட்டேன், காய்ச்சல் போயிற்று. ஊசியால் போயிற்றா, தானாகப் போயிற்றா? நாற்பது வருஷ அனுபவம் என்று மார் தட்டிக்கொள்ளலாம். ஒரே தப்பை நாற்பது வருஷம் நிம்மதியாகச் செய்தவனுக்கும் அதே நாற்பது வருஷ அனுபவம் உண்டு!"

அப்படியானால் உண்மையைக் கண்டுபிடிப்பது எவ்விதம்? ஒரே தன்மையுள்ள இரண்டு கூட்டம் நோயாளிகளை எடுத்து, ஒரு கூட்டத்துக்கு ஒரு சிகிச்சையும் மற்றதற்கு வேறொன்றும் கொடுத்து ஒப்பிட வேண்டும். இதில் உள்ள தொல்லையைப் பள்ளிக்கூடத்து மனிதராகிய நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளையெல்லாம் 'ஏ' பிரிவில் சேர்த்துக்கொண்டு, வருஷக் கடைசியில் "பார்த்தீர்களா என் போதனையின் மகிமையை!" என்று சொல்லும் உபாத்தியாயரை எல்லாரும் அறிவோம். டாக்டரும் அப்படித்தான், பிழைக்கக்கூடியவர்களைத் தெரிந்தோ தெரியாமலோ தமக்குப் பிடித்த மருந்துக்கு அனுப்பிவிடுவார். ஆகவே யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை டாக்டர் தீர்மானிக்கக் கூடாது. சீட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். நம் நாட்டாருக்கு இது ஒன்றும் புதிதல்ல. பத்தாம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்தில், உத்தரமேரூரில் ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறு பையனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்த விதம் கல்வெட்டில் இருக்கிறதல்லவா? பெரிய மனிதரின் கை அதில் நுழைய இடமில்லை என்பதே அதன் பெருமை.

வைத்தியத்தில் இந்தக் குடவோலைக்குப் பெரும் பெயர் வந்தது 1948-இல். க்ஷயரோகத்துக்கு ஸ்ட்ரெப்டோமைஸின் என்ற மருந்து புதிதாக வந்திருந்தது. யுத்தத்தில் இளைத்துப் போயிருந்த இங்கிலாந்திடம் அதை எல்லாருக்கும் வாங்கிக் கொடுக்கப் பணம் இல்லை. எல்லாருக்கும் இல்லை என்று ஆன பின், யாருக்கு என்பதைச் சீட்டே சொல்லட்டும் என்றார்கள். கணக்கைப் போட்டவர் பிராட்போர்ட் ஹில் என்பவர். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டு, முதல் யுத்தத்தில் தாமே க்ஷயத்தில் விழுந்து, அந்தப் படிப்பைக் கைவிட நேர்ந்தவர். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர் 4 பேர். மருந்தின்றிப் படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தவர் 14 பேர். வாதப் பிரதிவாதத்துக்கு இடமில்லாத சாட்சியம்.

இதுவரை சொன்னது பீடிகைதான். நம் டாக்டரின் நெஞ்சுக்கு நெருங்கிய கதை லண்டனில் நடந்தது அல்ல, சென்னையில் நடந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடுகிறது.

க்ஷயரோகம் என்றால் அந்நாட்களில் "ஸானடோரியம்" என்று பொருள். மலைக்காற்று, பால், முட்டை, மாதக் கணக்கில் படுக்கை. காற்று மாற்றத்துக்காக மலையடிவாரங்களைத் தேடிப் போனவர்களின் கதை பல குடும்பங்களில் இன்னும் பேச்சில் இருக்கிறது. மதனப்பள்ளியிலும் தாம்பரத்திலும் பெயர்பெற்ற ஸானடோரியங்கள் இருந்தன. ஆனால் இந்தியாவில் நோயாளிகளோ பல லட்சம். படுக்கைகளோ சில ஆயிரம். பணமுள்ளவனுக்கும் சிபாரிசு உள்ளவனுக்கும் படுக்கை, மற்றவனுக்குத் திண்ணை. வீட்டின் திண்ணையில் தனியாகப் பாய் விரித்து, தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்து, குழந்தைகளைக் கிட்ட அண்டவிடாமல், நாளை எண்ணிக்கொண்டு கிடப்பதுதான் அவன் விதி.

1952-இல் ஐஸோநயாஸிட் என்ற மலிவான மாத்திரை வந்தது. வாயால் விழுங்கக்கூடியது. அப்போது எழுந்த கேள்வி இது: இந்த மாத்திரையை அந்தத் திண்ணையிலேயே கொடுத்தால் என்ன? கேட்பதற்கு எளிய கேள்வி. ஆனால் பெரிய நிபுணர்கள் பலருக்கு அது அபசாரமாகப் பட்டது. காற்றோட்டமில்லாத வீடு, வயிறு நிறையாத சாப்பாடு, ஓய்வில்லாத உழைப்பு. இவற்றின் நடுவே மாத்திரை மட்டும் என்ன செய்யும்? வீட்டிலுள்ள குழந்தைகளுக்குத் தொற்றிவிடாதா?

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்று ஏற்பட்டது. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய காரியம். தலைமை வகித்தவர் வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர். சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டின் மூலம் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி ஸானடோரியத்துக்குப் போயிற்று. மறு பாதி தன் வீட்டிலேயே இருந்தது. இரு சாராருக்கும் ஒரே மருந்து: ஐஸோநயாஸிட்டும், விழுங்குவதற்குப் பெரும்பாடாக இருந்த பி.ஏ.எஸ். என்பதும். ஒரு வருஷ காலம்.

வீட்டு நோயாளிகள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று அறிய, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரையும் பரிசோதித்தார்கள். "எங்களுடைய சாஸ்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்" என்றார் டாக்டர். "பெரிய ஆராய்ச்சி உத்தியோகஸ்தர்கள் சந்துக்குள் புகுந்து, குடிசை வாசலில் குனிந்து, 'அம்மா, மருந்துப் பொட்டலத்தைக் கொஞ்சம் எடுங்கள்' என்று கேட்டார்கள் பாருங்கள்! நோயாளி எங்கே இருக்கிறானோ அங்கே போய் எடுத்த சாட்சியம்."

வருஷம் முடிந்து கணக்கைப் பார்த்தபோது, ஸானடோரியத்தில் நோய் அடங்கியவர்கள் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். முழு அறிக்கை 1959-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. ஸானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாக ஓய்வெடுத்தார்கள், அதிகமாக உடம்பு தேறினார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு இவற்றில் ஒன்றும் சரியாக இல்லை. ஆயினும் முடிவில் இருந்த வித்தியாசம் அற்பம். வீட்டிலுள்ள மற்றவர்களை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் அவர்களுக்கு அதிகமாக நோய் வந்துவிடவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பே தொற்றிவிட்டிருந்தது.

அந்த அறிக்கையின் விளைவு நம் ஊருக்குள் மட்டும் நிற்கவில்லை. 1962-இல் இந்திய சர்க்கார் தொடங்கிய தேசீய க்ஷயரோகத் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அஸ்திவாரமாகக் கொண்டது. பல தேசங்களில் ஸானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நோயாளி மருந்து விழுங்குவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொள்ளும் முறையும் சேத்துப்பட்டில் நடந்த அடுத்த ஆராய்ச்சிகளிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றி வந்தது. சுதந்திரம் பெற்றுச் சில வருஷங்களே ஆன தேசம், பணக்கார நாடுகளுக்கு வைத்தியக் கொள்கையைச் சொல்லிக் கொடுத்தது. நம் பாட புத்தகங்களில் இதற்கு ஏன் அரைப் பக்கமாவது ஒதுக்கக்கூடாது என்பது நமக்கு விளங்கவில்லை.

"அப்படியானால் சாட்சியமும் கிடைத்தது, கொள்கையும் வந்தது, க்ஷயம் ஏன் இன்னும் ஒழியவில்லை?" என்று கேட்டோம்.

டாக்டர் தம்முடைய மேஜையைத் தட்டிக் காட்டினார். "இங்கேதான் தகராறு, ஸார். குடும்ப வைத்தியனின் மேஜையில்."

பெங்களூரில் 1959-இல் ஏற்பட்ட தேசீய க்ஷயரோக நிலையத்தைச் சேர்ந்த பானர்ஜி, ஆண்டர்ஸன் என்ற இருவர் தும்கூர் ஜில்லாக் கிராமங்களில் விசாரித்து, 1963-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். கிராமத்து ஜனங்கள் அறியாமையினால் டாக்டரிடம் போவதில்லை என்பதுதான் அதுவரை பட்டணத்தாரின் எண்ணம். விசாரித்துப் பார்த்தால், கோழையில் கிருமி இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஏற்கனவே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறார்கள்! அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து. ஜனங்கள் தங்கள் கடமையைச் செய்துவிட்டார்கள், வைத்தியம்தான் செய்யவில்லை.

தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பக்கத்து நேயர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். இப்பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். ஒரே அறையில் புகையிலைத் தூளும் சமையலும் குழந்தையின் தூளியும். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் ஒருத்தி இருமிக்கொண்டு வந்தால், "புகையிலை நெடிதான், டாக்டர்; ஓர் ஊசி போட்டுவிடுங்கள், சாயங்காலத்துக்குள் ஆயிரம் சுற்றவேண்டும்" என்பாள். வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள். ஊசி போட்டால் இரண்டு நிமிஷம். கோழைப் பரிசோதனை ஏன் வேண்டும் என்று விளக்கினால் பதினைந்து நிமிஷம். ஊசி போடாத டாக்டரை விட்டுப் போடுகிற டாக்டரிடம் போய்விடுவாள். "இந்தப் பதின்மூன்று நிமிஷத்துக்குக் கொள்கை வகுக்கிறவர்கள் யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டார் நண்பர். நாம் பதில் சொல்லவில்லை, நம்மிடம் இல்லை.

வேல்ஸ் தேசத்தில் கிளின்காரக் என்னும் சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் ஜூலியன் டூடர் ஹார்ட் என்று ஒரு குடும்ப டாக்டர் இருந்தார். 2018-இல் காலமானார். கிராமத்திலுள்ள வயது வந்தவர்கள் எல்லாருடைய இரத்த அழுத்தத்தையும் அளந்து, குறிப்பெழுதி, பல வருஷம் தொடர்ந்து கவனித்தவர். தேவை அதிகமுள்ள இடத்தில் நல்ல வைத்தியம் குறைவாகவும், தேவை குறைந்த இடத்தில் அது தாராளமாகவும் கிடைக்கிறது என்று அவர் 1971-இல் எழுதியது உலகப் பிரசித்தம். நம் நண்பருக்கு அவரிடம் பக்தி. "சாட்சியம் என்பது மேலேயிருந்து வரும் தாக்கீது மட்டுமல்ல, கீழேயிருந்தும் போகவேண்டும் என்று காட்டிய மனிதர்" என்கிறார். பெரிய ஆராய்ச்சிகளில் ஒரே வியாதியுள்ள, நடுவயதான, சொன்னபடி கேட்கும் நோயாளிகளைத் தேர்ந்துகொள்கிறார்கள். நம் டாக்டரிடம் வருகிற ஆச்சிக்கோ சர்க்கரை வியாதி, இரத்த அழுத்தம், முழங்கால் வலி, மருமகளோடு மனஸ்தாபம் எல்லாம் சேர்ந்து இருக்கின்றன. நாலு வியாதிக்கும் நாலு நிபுணர் சங்கத்தின் விதிகளைத் தனித்தனியே அனுசரித்தால், ஆச்சி காலைச் சாப்பாட்டுக்குப் பதில் மாத்திரைகளையே சாப்பிடவேண்டி வரும்!

பி.ஸி.ஜி. ஊசி விவகாரம் இங்கே நினைவுக்கு வருகிறது. க்ஷயத்தைத் தடுக்கும் என்று 1948 முதல் நம் நாட்டில் போடப்பட்ட அந்த ஊசியை, முதல் மந்திரி பதவியை விட்டு விலகிய மறு வருஷமான 1955-இல், ராஜாஜி கடுமையாக எதிர்த்தார். குற்றாலத்தில் ரசிகமணி டி. கே. சி.யின் விருந்தாளியாகக் கம்பனைப் பற்றிப் பேசி மகிழ்ந்த அதே ராஜாஜிதான். போதிய ருஜு இல்லாமல் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு ஊசி குத்தலாமா என்று அவர் கேட்டார். தீங்கு நேரும் என்றும் அஞ்சினார். நிபுணர்கள் கோபித்துக்கொண்டார்கள். பிற்பாடு 1968-இல் செங்கற்பட்டு ஜில்லாவில் லட்சக்கணக்கான ஜனங்களைச் சேர்த்து ஒரு மாபெரும் பரிசோதனை தொடங்கியது. 1979-இல் தெரிந்த முடிவு: பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லை. ஆனால் சிசுக்களுக்கு மூளைச் சவ்வில் வரும் க்ஷயம் போன்ற கொடிய விதங்களிலிருந்து அது காக்கிறது என்பதற்கு வேறு ஆராய்ச்சிகளில் நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆகவே இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறார்கள். ராஜாஜியின் அச்சம் மிகை. கேள்வி நியாயம் என்பது நமது எண்ணம். டாக்டர் அவ்வளவு தாராளமாக இல்லை. "கேள்வி கேட்பது சரி, பதில் வருவதற்குள் ஜனங்களைப் பயமுறுத்தியது சரியா?" என்றார். நாம் வற்புறுத்தவில்லை.

உண்மையில் அவருடைய மனத்தாங்கல் வேறிடத்தில் இருக்கிறது. அது சோற்றைப் பற்றியது.

சென்னை ஆராய்ச்சியில், வீட்டிலிருந்து அரை வயிறு சாப்பிட்டவர்களும் மருந்தினால் குணமானார்கள் அல்லவா? சாப்பாட்டைப் பற்றியே அந்த நிலையத்தார் 1961-இல் தனியாக ஒரு கட்டுரை எழுதினார்கள். சக்தி வாய்ந்த மருந்து கொடுக்கும்போது, நோயை அடக்குவதற்கு விசேஷ ஆகாரம் அவசியமில்லை என்பது அதன் சாரம். ஸானடோரியம் இல்லாமல், பாலும் முட்டையும் இல்லாமல் ஏழையும் பிழைக்கலாம் என்று தைரியம் கொடுத்த வார்த்தை அது. ஆனால் கொள்கை செய்கிறவர்களின் காதில் அது வேறு விதமாக விழுந்துவிட்டது. மாத்திரை போதும், சோற்றைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார்கள். மாத்திரையைப் பொட்டலம் கட்டி அனுப்பலாம், ரசீது வைத்துக்கொள்ளலாம். சோறு போடுவது செலவு பிடித்த காரியம்.

"சாட்சிக் கூண்டில் நிற்பவன் கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொல்வான்?" என்றார் டாக்டர். "'வீட்டில் வைத்து நோயாளியைக் குணப்படுத்தலாமா?' என்று கேட்டார்கள். 'குணப்படுத்தலாம்' என்று சாட்சியம் வந்தது. 'அதே வீட்டில் அரை வயிறு சாப்பிடும் தாய்க்கும் தம்பிக்கும் நாளைக்கு என்ன ஆகும்?' என்று அன்றைக்கு யாரும் சாட்சியைக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த வீடுகளில் அண்ணனுக்கு மருந்து முடியுமுன் தங்கை இருமத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் பார்த்தது வெறும் அனுபவம். அருவியில் குளித்தவர் சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் என்ன பேதம்?"

அந்தக் கேள்வியைக் கேட்க அறுபது வருஷம் ஆயிற்று. 2019-இல் ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற டாக்டர் தம்பதிகளின் முயற்சியில் ஒரு பரிசோதனை தொடங்கியது. சேத்துப்பட்டு நிலையமும் அதில் பங்கு கொண்டது. 2011 முதல் அதற்குத் தேசீய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம் என்று பெயர். 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் உள்ள 10,345 பேர். நோயாளிகள் எல்லாருக்கும் மாதந்தோறும் ஆகாரக் கூடை உண்டு. வீட்டிலுள்ள மற்றவர்களின் விஷயத்தில் மட்டும் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். ஒரு பக்கத்தில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுக்கப்பட்டன; மறு பக்கத்தில் இல்லை.

2023-இல் 'லான்ஸெட்' பத்திரிகையில் முடிவு வந்தது. ஆகாரம் கிடைத்த வீடுகளில் புதிதாக க்ஷயம் கண்டவர்கள் மற்ற வீடுகளைவிட நூற்றுக்கு 39 பாகம் குறைவு. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் க்ஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. அரிசியும் பருப்பும்! இவ்வளவு பலன் தரும் ஓர் ஊசியை எவராவது கண்டுபிடித்திருந்தால் அவருக்கு ஊர்தோறும் சிலை வைத்திருப்போம்.

இந்தச் செய்தி வந்த நாளை டாக்டர் நன்றாக நினைவு வைத்திருக்கிறார். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாராம். முன்னே சொன்ன அண்ணன் தங்கை வீட்டுக்கு அவரும் மருந்துதான் எழுதிக் கொடுத்திருந்தார். அரிசி எழுதிக் கொடுக்க அவருக்கு யாரும் சீட்டுப் புத்தகம் கொடுத்திருக்கவில்லை.

சர்க்காரும் சும்மா இருந்துவிடவில்லை என்று சொல்வதுதான் நியாயம். சிகிச்சை பெறும் நோயாளிக்கு ஆகாரத்துக்காக மாதம் 500 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2018-இல் வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். வீட்டாருக்கும் ஆகார உதவி உண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2022-இல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' ஆரம்பமாயிற்று. நோய் என்று தெரிந்த அன்றே நோயாளியின் எடையையும் உயரத்தையும் பார், காலில் வீக்கம் உண்டா பார், மூச்சை எண்ணு, விரலில் கருவியை மாட்டி இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார், பிடிமானமில்லாமல் எழுந்து நிற்கிறானா கவனி. இவற்றில் ஆபத்துக் குறி தென்பட்டால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள் என்பது அதன் முறை. இத்தனையும் ஒரு தராசு, ஓர் அளவுகோல், ஒரு கடிகாரம், ஒரு சிறு கருவி, இரண்டு கண்கள் ஆகியவற்றால் ஆகக்கூடிய காரியம். "இதுதான் குடும்ப வைத்தியனுக்கு வேண்டிய கொள்கை" என்று டாக்டர் மனமார ஒப்புக்கொள்கிறார். எல்லாரும் வீட்டிலேயே இருக்கலாம் என்பதும் தப்பு, எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதும் தப்பு. யார் எங்கே என்பதைக் கண்டுகொள்ளும் வழி இது.

ஆனால் அவருடைய தேவைப் பட்டியல் இன்னும் முடியவில்லை. 2012 முதல் க்ஷய நோயாளி எவரையும் தனிப்பட்ட டாக்டர்களும் சர்க்காருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது விதி. அவர் தெரிவிக்கிறார். தெரிவித்த பிறகு அந்த வீட்டிலிருந்து யார் யாரைப் பார்த்தார்கள், எத்தனை பேருக்கு எடை குறைவு, ஆகாரம் வந்து சேர்ந்ததா என்ற தகவல் அவருக்குத் திரும்பி வரவேண்டும் என்கிறார். அந்த வீட்டாருக்கு அடுத்த ஜுரம் வந்தால் அவரிடம்தானே வருவார்கள்? 2019-இல் தனி ஜில்லாவாகிவிட்ட தென்காசியில் இது ஆகாத காரியமாக நமக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையில் தம்மால் ஆனதை அவர் செய்துவருகிறார். க்ஷயம் என்று கண்ட வீட்டாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாக வரச் சொல்லி, குழந்தை முதல் கிழவர் வரை ஒவ்வொருவரையும் நிறுத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்கிறார். மூன்று மாதம் கழித்து மறுபடியும் நிறுக்கிறார். எடை குறைந்தவரைத் தனியே அழைத்து, முதலில் இருமலைப் பற்றியும் பிறகு சாப்பாட்டைப் பற்றியும் விசாரிக்கிறார்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லையென்றால், அல்லது மாலைதோறும் காய்ச்சலும் இளைப்பும் இருந்தால், கோழையைப் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும். தென்காசி ஆனாலும் வேறு எந்த ஊரானாலும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் அந்தப் பரிசோதனைக்கும் பின்னால் மருந்துக்கும் காசு கிடையாது. நோய் என்று தெரிந்தால் மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் பாங்குக் கணக்கில் வரவேண்டும். ஆகையால் கணக்கின் எண்ணை முதல் நாளே கொடுத்துவிடுவது நல்லது. வீட்டிலுள்ள மற்றவர்களையும் அன்றைக்கே உடன் அழைத்துப் போகலாம்.